கசடு எண்ணெய்க்கு எந்த வினையூக்கி? வனேடியம் எங்கே போகிறது என்று பாருங்கள்

கச்சா எண்ணெயை வடித்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்த பிறகும் குறைந்த அழுத்தத்தில் வடிக்கும் வெற்றிடக் கோபுரத்தின் அடியில் ஒரு கறுப்புக் கசடு மிஞ்சும். ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். ஆறினால் தாராக இறுகும். கப்பல் எரிபொருளில் கலந்து தள்ளிவிடுவதுதான் நெடுநாள் வழக்கம். கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியதும் அந்த வழி குறுகிப்போனது. மிச்சம் இருப்பவை இரண்டு வழிகள். கரியைக் கோக் என்ற திடக் கரியாக ஒதுக்கித் தள்ளலாம். அல்லது ஹைட்ரஜனை ஏற்றிக் கசடையே இலகுவான எண்ணெயாக மாற்றலாம். இரண்டாவது வழியில் எந்த வினையூக்கி என்பதுதான் இங்கே பேச்சு.

வினையூக்கி விற்பவர்கள் முதலில் காட்டுவது மாற்று விகிதத்தை, அதாவது கசடில் எத்தனை சதவீதம் இலகுவான எண்ணெயாகிறது என்பதை. நான் முதலில் பார்ப்பது வேறு: கசடில் இருக்கும் நிக்கலும் வனேடியமும் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன? கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகவும் நைட்ரஜன் அம்மோனியாவாகவும் வாயுவாகிப் போய்விடும். உலோகத்துக்கு அந்த வசதி இல்லை. அது சல்பைடாக மாறி எதன் மேலாவது படிந்தே தீரும். வினையூக்கியில் படிந்த கோக்கை எரித்து நீக்கலாம், வனேடியத்தை எரிக்க முடியாது.

முதலில் நிலைப் படுகை: வினையூக்கித் துண்டுகள் அசையாமல் கிடக்க, எண்ணெயும் ஹைட்ரஜனும் அவற்றின் ஊடே பாயும். நுண்துளைகள் நிறைந்த காமா அலுமினாத் (அலுமினியம் ஆக்சைடு) துண்டுகளின் மேல் மாலிப்டினம், கூடவே கோபால்ட் அல்லது நிக்கல். வேலைக்கு இறங்கும் முன் எல்லாவற்றையும் சல்பைடாக்கிவிட வேண்டும். கோபால்டா, நிக்கலா என்ற பழைய விவாதத்துக்குச் சுருக்கமான பதில் உண்டு: கந்தகத்தை நேரடியாகக் கழற்றுவதில் கோபால்ட் கெட்டி, நைட்ரஜனை நீக்கவும் மூலக்கூறுகளின் கரிம வளையங்களில் ஹைட்ரஜன் ஏற்றவும் நிக்கல். கசடில் இந்த இரண்டாவது வேலைதான் அதிகம் என்பதால் நிக்கல் பக்கமே பலரும் சாய்கிறார்கள்.

ஆனால் கசடைப் பொறுத்தவரை அந்த விவாதத்தைவிட நுண்துளையின் அளவுதான் பெரிய விஷயம். கசடின் மிகக் கனமான பகுதியான ஆஸ்பால்டீன் மூலக்கூறுகள் பருமனானவை. துளை குறுகலாக இருந்தால் அவை உள்ளே போகாது. உலோகம் வாசலிலேயே படிந்து துளையை அடைத்துவிடும், உட்புறம் முழுவதும் வேலை பார்க்காமலே வீணாகும். துளையை அகலமாக்கினால் மேற்பரப்பு குறையும், கந்தக நீக்கம் தளரும். அதனால் ஒரே வினையூக்கியை நம்பாமல் வரிசையாக அடுக்குகிறார்கள். முன்னால் அகலத்துளைக் காவல் படுகை, அதன் வேலை உலோகத்தை விழுங்கிச் சாவது. பின்னால் குறுகிய துளை, அதிக வீரியம். (எண்ணெய் மூலக்கூறுகளை உடைக்கும் கிராக்கர்களில் பேர் வாங்கிய ஜியோலைட் என்ற நுண்துளைப் படிகத்தை இங்கே ஏன் போடக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அதன் துளை ஒரு நானோமீட்டர்கூட இல்லை. அமில மையங்களையும் நைட்ரஜன் சேர்மங்கள் முடக்கிவிடும். சரி, விட்டுவிடலாம்.)

இந்த ஏற்பாட்டில் கிடைக்கும் எண்ணெய் சுத்தமானது, அதை மறுக்க முடியாது. ஆனால் வினையூக்கி களைக்கக் களைக்க வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஓராண்டு வாக்கில் ஆலையை நிறுத்திப் படுகையை மாற்ற வேண்டியிருக்கும். உலோகம் பத்து லட்சத்தில் நூறு, நூற்றைம்பது பங்கைத் தாண்டினால் அந்த ஓராண்டும் கிடைக்காது.

கொதிபடுகை இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது. வினையூக்கிக் குடும்பம் அதேதான், துண்டுகள் மட்டும் ஒரு மில்லிமீட்டர் பருமன். கீழிருந்து பாயும் எண்ணெயும் ஹைட்ரஜனும் அவற்றை மிதக்க வைக்கும். ஓட்டத்தை நிறுத்தாமலே தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியது போடலாம். ஹெச்-ஆயில் என்ற பெயரில் இதன் முதல் வணிக ஆலை 1963இல் அமெரிக்காவின் லேக் சார்ல்ஸில் ஓடியது. இது ஒன்றும் புது யோசனை இல்லை. 60 முதல் 80 சதவீத மாற்றம் எட்டக்கூடியது. குறை என்னவென்றால், உள்ளே எல்லாம் கலந்தே சுழல்வதால் நேற்றுப் போட்ட வினையூக்கியும் பல வாரம் உழைத்ததும் சேர்ந்துதான் வெளியே வரும். நல்லதையும் கொஞ்சம் வீணாக்குகிறோம். மாற்றத்தை இன்னும் ஏற்றினால் ஆஸ்பால்டீன் எண்ணெயில் கரைந்திருக்க மறுத்து வண்டலாகப் பிரியும். அப்புறம் அது பின்னால் உள்ள பிரிகலன்களிலும் வெப்பமாற்றிகளிலும் ஒட்டும். இங்கே எல்லையைப் போடுவது பெரும்பாலும் வினையூக்கி அல்ல, அந்த வண்டல்தான்.

மூன்றாவது, துளையே இல்லாத வழி. அலுமினாவைத் தூக்கி எறிந்துவிட்டு, வினையூக்கியை நுண்துகளாக எண்ணெயோடு ஓடவிடும் ஸ்லரி முறை. துளை இல்லை என்றால் அடைபடவும் எதுவும் இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரிய மூலக்கூறை உடைப்பது வினையூக்கி அல்ல, வெப்பம். உடைந்த துண்டுகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு கோக்காகும் முன் அவற்றுக்கு ஹைட்ரஜனைக் கொண்டு சேர்ப்பதுதான் வினையூக்கியின் பங்கு. அதனால் ஒரு துகளின் வீரியத்தைவிட, அது எவ்வளவு பொடியாக எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது என்பது முக்கியம்.

இதிலேயே இரண்டு கட்சிகள். ஒன்று இரும்பு: இரும்பு சல்பேட் போன்ற மலிவான பொடியைச் சதவீதக் கணக்கில் போட்டு, உள்ளே அது இரும்பு சல்பைடாக மாறி, ஒருமுறை பயன்பட்டதும் பிட்ச் எனப்படும் மாறாத அடிக்கசடோடு போய்விடும். நிலக்கரியில் ஹைட்ரஜன் ஏற்றி 1931இல் நோபல் பரிசைப் பகிர்ந்த பெர்கியூஸின் வழிக்கு இது நெருங்கிய உறவு. மற்றொன்று மாலிப்டினம். எண்ணெயில் கரையும் சேர்மமாகச் சேர்த்தால் ரியாக்டருக்குள் மெல்லிய மாலிப்டினம் சல்பைடு ஏடுகளாகப் பிரியும். மிகக் குறைந்த அளவே போதும். ஆனால் விலை அதிகம், எனவே மாறாத அடிக்கசடோடு சேர்த்து மறுபடி சுழற்ற வேண்டும். இத்தாலியின் சன்னசாரோவில் எனி (Eni) என்ற எண்ணெய் நிறுவனம் 2013இல் தொடங்கிய நாளுக்கு 23,000 பேரல் ஆலை இந்த வகை. 90 சதவீதத்துக்கு மேல் மாற்றம் என்ற பேச்சு ஸ்லரியில்தான் நியாயமானது.

ஆனால் சுழற்றச் சுழற்ற வனேடியமும் நிக்கலும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பகுதியை வெளியே விட்டே ஆக வேண்டும், அதோடு மாலிப்டினமும் போகும். இரும்பில் இந்தத் தலைவலி இல்லை. பதிலுக்குக் குவிவது உலோகமும் பொடியும் கலந்த பிட்ச். அதை எரிக்க ஒரு கொதிகலனோ சிமென்ட் சூளையோ தயாராக இல்லாமல் இரும்பை எடுப்பது அவசரம் என்பேன்.

என் தேர்வு இப்படி. உலோகம் குறைந்த கசடு, பின்னால் கிராக்கர் காத்திருக்கிறது என்றால் நிலைப் படுகையை விட்டு நகர வேண்டாம். உலோகம் அதிகம், கச்சா எண்ணெய் அடிக்கடி மாறும் என்றால் கொதிபடுகை. மாலிப்டினம் ஸ்லரிக்கு நான் ஆள்தான். ஆனால் வெளியே விடும் கழிவிலிருந்து மாலிப்டினத்தையும் வனேடியத்தையும் யார் பிரித்துத் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பிறகு. வறுத்துக் கரைத்து இவற்றை மீட்கும் ஆலைகள் இருக்கின்றன. அவர்களுக்கு நம் கழிவு ஒரு தாது. அந்த வரவு கணக்கில் வராத ஒப்பீட்டு அட்டவணையை நான் ஓரமாகத்தான் வைப்பேன்.