சுங்கை சிப்புட் கடைக்காரர்களே, இபிஎஃப் காசை ரொக்கமாக ஏஜெண்டு கையில் கொடுக்காதீர்கள்

நாலைந்து பேரை வைத்துக் கடை, வர்க்‌ஷாப், சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். சம்பளக் கணக்கு எழுதித் தருகிறேன், இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) எல்லாம் நானே கட்டிவிடுகிறேன் என்று வந்த ஒருவர், நம் வட்டாரத்தில் மாதாமாதம் காசை வாங்கிக்கொண்டு கட்டாமலே விட்டிருக்கிறார். வேலையை விட்டு ஈப்போவுக்குப் போன ஒரு பையன் வீட்டுக்கடனுக்காக இபிஎஃப் ஸ்டேட்மெண்ட் எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறது, கணக்கில் ஒன்றுமே இல்லை.

எவ்வளவு காசு என்று பாருங்கள். 60 வயதுக்கு உட்பட்ட மலேசியருக்கு 1,700 ரிங்கிட் சம்பளம் என்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். ஆக 408. நாலு பேருக்கு மாதம் 1,632, ஒரு வருஷத்துக்கு 19,584 ரிங்கிட். சொக்சோவும் வேலை இழப்புக் காப்புறுதியான எஸ்ஐபியும் இதில் சேரவில்லை.

ஆரம்பமே ஐ-அக்காவுன் மஜிக்கான், அதாவது முதலாளிகளுக்கான இபிஎஃப் இணையக் கணக்கின் பாஸ்வேர்டில்தான். "அண்ணே, நீங்க கடையைப் பாருங்க, இதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று பாஸ்வேர்டை வாங்கி, தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் தன்னுடையதாக மாற்றிவிடுகிறார். அதன்பிறகு இபிஎஃப் வாரியம் அனுப்பும் நினைவூட்டல் எதுவும் கடைக்காரர் கண்ணில் படாது.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வரும். உள்ளே மாதாமாதம் அச்செடுத்த போராங் ஏ, அதாவது மாதச் சந்தா விவரப் படிவம். ஆட்கள் பெயர், ஐசி நம்பர், தொகை எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அது கட்டணச் சான்றே இல்லை. போராங்கைச் சமர்ப்பிப்பது ஒன்று, காசு கட்டுவது வேறொன்று. சமர்ப்பித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் ஆட்கள் கணக்கில் ஒரு காசும் ஏறாது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் பலரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

யாராவது கேட்டால் "அடுத்த மாசத்துல காட்டும்" என்று பதில் வரும். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எல்லாரும் நம்புகிறார்கள். ஜனவரி சம்பளத்துக்கான சந்தா பிப்ரவரி மாதச் சந்தாவாகத்தான் பதிவாகும், கட்ட வேண்டிய கடைசி நாள் பிப்ரவரி 15. ஆனால் மார்ச் பிறந்தும் ஜனவரி சம்பளத்தின் சந்தா ஏறவில்லை என்றால் சாக்குக்கே இடமில்லை.

இன்னொரு வகை இதைவிட மோசம். 1,700 ரிங்கிட் சம்பளத்தை 1,200 என்று பதிந்து, 288 ரிங்கிட் மட்டும் கட்டி, ஆளுக்கு 120 ரிங்கிட்டை எடுத்துக்கொள்வார்கள். ஸ்டேட்மெண்டில் எல்லா மாதமும் ஏதோ ஒரு தொகை இருப்பதால் தொழிலாளிக்கும் சந்தேகம் வராது. போதாக்குறைக்கு, நீங்கள் குறைந்தபட்சச் சம்பளமான 1,700-க்குக் கீழே கொடுக்கிற முதலாளி என்று உங்கள் பெயரிலேயே பதிவு நிற்கும்.

ஏஜெண்டு ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி இபிஎஃப்பிடம் தப்ப முடியாது. கட்டும் கடமை முதலாளியுடையது. நிலுவையோடு தாமதக் கட்டணமும் ஈவுத்தொகையும் சேர்த்துக் கேட்பார்கள். தொழிலாளி சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் விட்டால் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு வருஷம் வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கடை செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனமாகப் பதிந்தது என்றால் இயக்குநர்களும் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும். சொக்சோ கட்டாத நேரத்தில் தோட்டத்திலிருந்து மோட்டாரில் வேலைக்கு வரும் பிள்ளை வழியில் விழுந்தால், அந்தக் குடும்பத்தின் க்ளைம் இழுபறியாகிவிடும். எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

கணக்கு எழுத ஆள் வைப்பதில் தவறில்லை. காசு மட்டும் உங்கள் கடை பேங்க் கணக்கிலிருந்து நேராக வாரியத்துக்குப் போக வேண்டும். ஏஜெண்டு போராங்கைத் தயார் செய்யட்டும், எஃப்பிஎக்ஸ் எனும் இணைய பேங்க் வழியில் பணம் கட்டும் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள். கட்டிச் சில நாள் கழித்து ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு, அவர் போனில் இருக்கும் இபிஎஃப் ஆப்பைத் திறந்து தொகையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. சொக்சோவையும் எஸ்ஐபியையும், அவற்றை நடத்தும் பெர்கேசோவின் அசிஸ்ட் இணையத் தளத்தில் பார்க்கலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பாஸ்வேர்டையும் தொடர்பு எண்ணையும் மாற்றுங்கள். அவர் கொடுத்த தாள், வாட்ஸ்அப் செய்தி, காசு வாங்கியதற்கான கையெழுத்து எதையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போலீஸ் புகார் செய்யுங்கள். அடுத்து ஈப்போ இபிஎஃப் அலுவலகத்துக்கு நீங்களே போய் எந்தெந்த மாதம் விட்டுப்போயிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாதென்றால் தவணை பற்றி அங்கேயே பேசுங்கள். அவர்கள் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடை ஆட்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பட்டியல் போடும்போது இப்போது வேலையில் இருப்பவர்களோடு நின்றுவிடாதீர்கள். இடையில் வேலையை விட்டு ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்களின் சம்பளத்திலும் பிடித்திருக்கிறீர்கள். அவர்கள் பெயர், ஐசி நம்பர், வேலை செய்த மாதங்கள் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும். அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.