டீசல் பம்ப் போய்விட்டது என்று சொன்னால் உடனே கழற்ற விடாதீர்கள்

138,000 ரூபாய். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். மனைவியின் சங்கிலியை அடைவு வைத்து எடுத்த காசு. ஓரடி ரப்பர் குழாய் மாற்ற வேண்டிய வேலைக்கு இதைக் கொடுத்திருக்கிறேன் என்று நேற்றுப் பின்னேரம்தான் தெரிந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை. பழைய டீசல் கெப் வைத்திருக்கும் ஆட்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

என்னுடையது பழைய ஹைலக்ஸ், 2எல் என்ற மொடல் டீசல் இஞ்சின். விசுவமடுவில் கத்தரிக்காயும் பயற்றங்காயும் ஏற்றிக்கொண்டு விடியற்புறம் நாலு மணிக்கு கிளிநொச்சிச் சந்தைக்கு ஓடுவேன். போன மாதம் தொடக்கம் ஐட்லிங் சரியில்லை. சும்மா நிற்கும்போது இஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும், பிறகு உதறும். பரந்தன் சந்தியில் பிரேக்கை அழுத்தினால் இஞ்சின் நின்றே போகும். காலையில் பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பைப் பத்துப் பன்னிரண்டு தரம் அமத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். இந்தக் கைப்பம்ப் கதையை மறக்காதீர்கள்.

ஏ9 வீதியில் டீசல் பம்ப் வேலை என்று போர்ட் போட்ட ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பேர் சொல்லவில்லை. (டீசல் பம்ப் என்றால் டீசலை அமத்தி இஞ்சினுக்குள் அனுப்பும் பம்ப்.) அங்கே இருந்தவர் மரியாதையான ஆள். தேத்தண்ணி தந்தார். பொனெட்டைத் திறந்து, ஒரு பைப் நட்டைத் தளர்த்தி, வந்த டீசலை உள்ளங்கையில் ஏந்தி என் முகத்துக்கு நேரே பிடித்தார். “பாருங்கோ அண்ணை, எவ்வளவு கறுப்பு. பம்ப் உள்ளுக்கு அரைபடுது. இப்பிடியே ஓடினீங்களெண்டா இஞ்சினும் போயிடும்.” அந்தக் கையைப் பார்த்துத்தான் நம்பினேன். காலையில் கைப்பம்ப் அடிக்க வேண்டியிருக்கிறது என்று நான் அவரிடம் சொன்னேன். ஒன்றல்ல, இரண்டு தரம் சொன்னேன். “அதுவும் பம்பாலதான்” என்று முடித்துவிட்டார்.

ஒன்பது நாள் வண்டி அங்கே. அந்த ஒன்பது நாளும் பட்டா லொறி பிடித்து மரக்கறி அனுப்பினேன், அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. பம்ப் ஹெட் மாற்றியது, டீசலைப் பீச்சும் நாலு நொசில் மாற்றியது, கூலி என்று வாயால் கணக்குச் சொன்னார். 138,000 ரூபாயை எண்ணி வைத்தேன். பில் கேட்டதற்கு, “புத்தகம் முடிஞ்சுது அண்ணை, அடுத்த முறை வரேக்க தாறன்” என்றார். பம்ப் புதுசு போல வெள்ளிப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று இருந்தது. இஞ்சினும் நிற்காமல் ஓடியது. சத்தம் கொஞ்சம் கூட என்று மனதில் பட்டதுதான். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அதே பரந்தன் சந்தி, அதே உதறல்.

திரும்பிப் போனேன். “செட்டாக ஒரு கிழமை எடுக்கும் அண்ணை.” ஒரு கிழமை பொறுத்துப் போனேன். “பாஸ் வவுனியாவுக்குப் போயிட்டார்.” அடுத்த நாள் போனேன். “நீங்கள் அடிக்கிற டீசல் கூடாது, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. தம்பியின் நம்பரிலிருந்து எடுத்தேன், என் குரல் கேட்டதும் வெட்டிவிட்டார்கள். கடைசியாக நேரே போய் நின்றபோது, தேத்தண்ணி தந்த அதே மனிதன் தலையை நிமிர்த்தாமலே கேட்கிறார்: “பில் இருக்கோ?”

நேற்று ஒட்டுசுட்டானில் சித்தப்பா முறையான ஒருவரிடம் கொண்டுபோனேன். ட்ரக்டர் பார்க்கிறவர், வயது போய்விட்டது. கைப்பம்ப் கதையைச் சொன்னதுமே சிரித்தார். “எட மோனை, அது எயார் எடுக்குதடா.” இந்த இஞ்சினில் டாங்கியிலிருந்து டீசலை இழுப்பதும் அந்த டீசல் பம்ப்தான். வருகிற வழியில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் டீசலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். வண்டி இரவு நிற்கும்போது டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். அதனால்தான் காலையில் கையால் அடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், இஞ்சின் சும்மா நிற்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினார். கராஜில் அதைத்தான் ஏற்றிவிட்டிருக்கிறார்கள், நான் எடுத்த அன்று நிற்காமல் ஓடியது அதனால்தான். இறக்கியதும் உதறல் வந்தது. பிறகு ஒரு கானில் சுத்தமான டீசல் ஊற்றி பொனெட்டில் தொங்கவிட்டு, தெளிந்த பிளாஸ்டிக் குழாயால் பம்புக்கு நேரே கொடுத்தார். இஞ்சின் தையல் மெஷின் போல சீராக ஓடியது. பழையபடி டாங்கி லைனில் கொடுத்தார். குழாய்க்குள் குமிழி குமிழியாகப் போகிறது! பில்டருக்கு வரும் ரப்பர் குழாயை கிளிப் இருந்த இடத்தில் மடித்துக் காட்டினார், நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. டீசல் சொட்டவில்லை, இலேசான ஈரம்தான், அந்த ஈரத்தில் கிரவல் புழுதி மட்டும் ஒட்டியிருந்தது. குழாயும் இரண்டு கிளிப்பும் 900 ரூபாய். சித்தப்பா கூலி வாங்கவில்லை.

அதோடு பம்பையும் பார்த்தார். ஸ்க்ரூ இடுக்குகளில் பழைய ஊத்தை அப்படியே காய்ந்திருக்கிறது, அதற்கு மேலே வெள்ளிப் பெயின்ற். திறக்கவே இல்லை. அடித்தது பெயின்ற் மட்டும். 138,000 ரூபாய்க்கு.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 நம்பருக்கு போன் எடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். எடுக்கத்தான் போகிறேன், ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், சந்தைக்கு லோட் ஏற்ற ஆள் வந்து நிற்கிறது. சுருக்கமாக: கானில் டீசல் கொடுத்துப் பார்க்காமல் பம்பில் கை வைக்க விடாதீர்கள். மாற்றினால் பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பெயின்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்றால் வெறுங்கடதாசியிலாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.