மதுரைக் கடையின் ‘ஃபாரின் பேக்கிங்’: மெல்போர்னில் பெட்டியைத் திறந்தபோது

மதுரையில் நாங்கள் வழக்கமாகப் பலகாரம் வாங்கும் கடையில் ‘ஃபாரின் பேக்கிங்’ என்று தனி கவுண்டரே வைத்திருக்கிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பலகாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வருத்தமெல்லாம் அந்தக் கவுண்டரில் கொடுக்கிற வாக்கைப் பற்றித்தான்.

பேக்கிங்கில் கைதேர்ந்தவர்கள். முறுக்கை அட்டை டப்பாவில் அடுக்கி, இடுக்கிலெல்லாம் காகிதம் திணித்து, மேலே கனத்த கவர் போட்டு ஒட்டுகிறார்கள். மெல்போர்னில் மகள் வீட்டில் பிரித்தபோது இரண்டு மூன்றுதான் உடைந்திருந்தது. ஆவக்காய் பாட்டில் வாயில் அலுமினியத் தாள், மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் இரண்டு ஜிப் கவர். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. (ஊறுகாயை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். திரவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.) எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது லேபிள். பொருளின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்த தேதி எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். மெல்போர்ன் விமான நிலையத்தில் அதிகாரி வரிவரியாகப் படித்தது அதைத்தான்.

ஆனால் கவுண்டரில் இருக்கும் தம்பி வருகிறவர்களிடமெல்லாம் ஒன்று சொல்கிறார்: “வேக்குவம் போட்டாச்சும்மா, எந்த நாட்டுக்கு வேணா போகும்.” போகாது. உறைக்குள் காற்று இல்லை என்பதால் உள்ளே இருக்கும் பொருள் மாறிவிடுமா?

பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மாடுகளுக்குக் கோமாரி வருகிறது. ஆஸ்திரேலியாவில் கடைசியாகக் கோமாரி வந்தது 1872-ல். அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து பால் பண்டங்களைப் பயணிகள் கொண்டுவர அவர்கள் விடுவதில்லை. பேடா, பர்ஃபி, ரசகுல்லா எல்லாம் இதில் அடக்கம். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான்; இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

பருப்பு, மசாலா சாமான் விஷயம் இன்னும் பலருக்குத் தெரிவதில்லை. காப்ரா என்று ஒரு வண்டு, நம் துணைக்கண்டத்துப் பூச்சி. ஒரு மிளகின் அளவுகூட இருக்காது. அதன் புழு இண்டு இடுக்கில் ஒளிந்துகொண்டு தீனி இல்லாமலே வருடக்கணக்கில் கிடக்கும். மருந்தடித்தாலும் லேசில் சாகாது. அது ஆஸ்திரேலியத் தானியக் கிடங்குகளில் நுழைந்துவிடக் கூடாது என்றுதான் 2020 அக்டோபரிலிருந்து அரிசி, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, சீரகம், கொத்தமல்லி விதை, சோம்பு, காய்ந்த மிளகாய் எதையும் பயணிகள் பெட்டியில் கொண்டுவரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் வறுத்தோ பொரித்தோ பாக்கெட் போட்டு வந்தவற்றுக்கு விலக்கு உண்டு. கடலை மிட்டாயும் முறுக்கும் எனக்குத் திரும்பக் கிடைத்தது அப்படித்தான்.

சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. கையில் அதே கடையின் பை. பேத்திக்கென்று வாங்கிய பால் இனிப்பு, கொண்டைக்கடலை, சீரகம் எல்லாமே அழகான வேக்குவம் பாக்கெட்டில். ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போனது. “கடையில போகும்னுதானே சொன்னாங்க” என்று அந்த அம்மா கணவரிடம் மெதுவாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, அந்த அதிகாரி மேல் அல்ல. அவர் பொறுமையாக, சைகை காட்டி, எதற்காக எடுக்கிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவு இருக்கிறது என்று அவர்கள் குறித்திருந்தார்கள். குறித்துவிட்டால் பொருள்தான் போகும், அபராதம் கிடையாது. மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர். 2019 அக்டோபரில் பன்றி இறைச்சியைச் சொல்லாமல் கொண்டுவந்த வியட்நாம் பெண் ஒருவரின் விசாவையே ரத்து செய்து சிட்னியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். சந்தேகம் இருந்தால் ‘ஆம்’ என்றே போடுங்கள்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: எந்த ஊருக்கு என்று முதலில் கேளுங்கள். துபாய் போகிற பிள்ளைக்குக் குருமாவுக்கென்று கசகசா கட்டிக் கொடுத்தால் அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும், சிங்கப்பூரிலும் தடை. நாடு வாரியாக ஒரு பலகை எழுதி கவுண்டரில் மாட்ட எவ்வளவு நேரமாகும்?

பேக்கிங்குக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், ஆலோசனைக்கு ஒன்று. முறுக்கு, கடலை மிட்டாய், ஊறுகாய் வாங்க தாராளமாகப் போகலாம். எது செல்லும் என்பதை மட்டும் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். சனி ஞாயிறு மாலையில் கூட்டம் அதிகம்; காலையில் போனால் பக்கத்தில் நின்று கட்டுவதைப் பார்க்கலாம்.