ஹக்கலைப் பக்கத்து காட்டுமர நாற்றுமேடை, போய்ப் பாருங்கள்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகும் பாதையில், ஹக்கலைப் பூங்கா தாண்டிக் கொஞ்ச தூரத்தில், காட்டு மரக்கன்று மட்டும் விற்கிற சின்ன நாற்றுமேடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, பச்சை வலையைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்ப் பீலிக்கு மேலே யூகலிப்டஸ் வெட்டிய ஓடைக்கரை மொட்டையாகக் கிடக்கிறது, அங்கே நடக் கன்று தேடிப் போனேன்.

போன வருஷம் வேறொரு ரோட்டோரக் கடையில் காட்டு மஹ ரத் மல் (மலைக்காட்டில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ட்ரான் மரம்) என்று சொன்னதை நம்பி வாங்கி, பூத்த பிறகுதான் அது வெளிநாட்டு அசேலியா என்று தெரிந்தது. அதனால் இங்கே முதலில் அதைத்தான் கேட்டேன். நாற்றுமேடை அண்ணன் ஒன்றும் பேசாமல் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். மேலே சுருக்கம் விழுந்த கரும்பச்சை, அடியில் கம்பளி மாதிரி பழுப்பு ரோமம். விரலால் தேய்த்துப் பார்த்தேன், இனி ஏமாற மாட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் விதை சேர்க்கிற விதம். ஒரே மரத்தில் அள்ளுவதில்லை, தள்ளித் தள்ளி நிற்கிற பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் பாதுகாக்கப்பட்ட காட்டில் கை வைக்காமல், தோட்டத்துப் பள்ளங்களில் தப்பி நிற்கும் மரங்களில்தான். எல்லாம் ஒரே தாய்மரத்துப் பிள்ளையாக இருந்தால் ஒரு நோய் வந்தாலே மொத்தமும் போய்விடும் என்றார். நாவல் இனத்துக் காட்டு மரங்களின் விதை காய்ந்தால் செத்துவிடுமாம், டப்பாவில் சேர்த்து வைக்க வழியில்லை, பழுத்து விழுந்த கையோடு மண்ணில் போட வேண்டும். அப்படியென்றால் அந்த மரம் எங்காவது உயிரோடு நின்றால்தான் உண்டு. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன, ரொம்ப நல்லது, ஆனால் எங்கள் ஓடைக்கரை அந்தக் கோட்டுக்குள் வராதே.

ஒரு குறை. கன்றுப் பைகளில் சிங்களப் பெயரும் லத்தீன் பெயரும் இருக்கிறது, தமிழ் இல்லை. விறகுக்குப் போன காலத்தில் எங்கள் அம்மாயி மரத்துக்கு மரம் பெயர் சொல்லுவார். அண்ணனிடம் சொன்னதும் எழுதாத அட்டை கொஞ்சம் எடுத்துக் கையில் தந்து எழுதித் தரச் சொன்னார். எனக்கு இரண்டு பெயர்தான் ஞாபகம் வந்தது. லயக் குடியிருப்புப் பெரியவர்களிடம் கேட்டு மிச்சத்தை அடுத்த முறை கொண்டுபோவேன்.

கன்று 250 ரூபாய். பஸ்ஸில் வருகிறவர்கள் அட்டைப் பெட்டி கொண்டுபோங்கள், நான் சாக்கில் போட்டு வந்ததில் இரண்டு கன்றின் நுனி முறிந்துவிட்டது.