சிங்கப்பூர் ஐ.வி. போகப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கக் கல்லூரிகளில் மறுபடியும் ஐ.வி. (இன்டஸ்ட்ரியல் விசிட், அதாவது படிப்புக்காகப் போகும் கல்விச் சுற்றுலா) சீசன் வந்துவிட்டது. துறை வாட்ஸ்அப் குழுவில் பளபளவென்று ஒரு நோட்டீஸ் வந்து விழும்: ‘சிங்கப்பூர் ஐ.வி., 4 இரவு 5 பகல்’. தண்ணீர் துப்பும் மெர்லயன், மூன்று கோபுரத்தின் தலையில் கப்பல் உட்கார்ந்த ஓட்டல், கீழே ஒரு கைப்பேசி எண். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. 2025 பிப்ரவரியில் 34 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் போய் வந்தோம். நான் அப்போது சிவில் இறுதியாண்டு. ஏமாந்ததை வெளியே சொல்லவே இத்தனை நாள் கூச்சமாக இருந்தது. போன வாரம் ஜூனியர் ஒருத்தி அதே நோட்டீஸை அனுப்பி, “அக்கா, நீங்க போனீங்களே, நல்லா இருக்குமா?” என்று கேட்டாள். எண் மட்டும்தான் மாறியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

தலைக்கு 62,000 ரூபாய். அதன் மேல் டி.சி.எஸ். (பயண ஏற்பாட்டாளர் நம்மிடம் வாங்கி வருமான வரித்துறையில் கட்ட வேண்டிய வரி) 5 சதவீதம் என்று 3,100. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ‘அரைவல் கார்டு கட்டணம்’ என்று இன்னொரு 1,200. என் பணம் அம்மாவின் வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்து வாங்கியது. எங்கள் வகுப்பில் அப்படிப் பணம் புரட்டியவர்கள் நிறையப் பேர்.

அந்த 1,200-லேயே நாங்கள் விழித்திருக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் நிரப்ப வேண்டிய அந்த மின்னட்டை முழுக்க இலவசம். அந்நாட்டின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்தில், போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், நாமே பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். விசா வேறு சங்கதி. அதற்கு அரசு வாங்குவது 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகப் போகும், அவர் தன் கூலியைச் சேர்ப்பார், அதில் தப்பில்லை. ஆனால் இலவச அட்டைக்கு எங்கள் சுற்றுலா முகவர் 34 பேரிடம் 40,800 ரூபாய் வாங்கினாரே, அது என்ன கணக்கு?

முதலில் போட்ட தேதிப்படி தைப்பூசத்தன்று அங்கே இருந்திருப்போம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி போவதைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டியிருந்தார். டிக்கெட் விலை ஏறியதும் ஒரு நாள் தள்ளிவிட்டார். பூசம் முடிந்த மறுநாள் போய் இறங்கினோம்.

தங்குமிடம் ‘மூன்று நட்சத்திர ஓட்டல், இருவருக்கு ஓர் அறை’. கிடைத்தது தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பகுதியில், ஒரு சந்தில், கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில், ரயில் பெர்த் மாதிரி அடுக்குக் கட்டில் போட்ட பத்துப் பேர் அறை. சுத்தமாகத்தான் இருந்தது. சொந்தக் காசில் போனால் நானே அங்கே தங்குவேன். ஓட்டல் விலை வாங்கிக்கொண்டு கட்டில் விலை இடத்தில் போட்டதுதான் எரிச்சல். வழிகாட்டி என்று வந்தவர், பதிவுக்காக என்று எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். தலைக்கு 20 டாலர் ‘டிப்ஸ்’ கொடுத்த பிறகுதான், அதுவும் மறுநாள் இரவுதான், திரும்பக் கொடுத்தார். எங்கள் இரண்டு ஆசிரியர்களும் வாயே திறக்கவில்லை. ஏன் என்று பிறகு புரிந்தது. பதினைந்து மாணவருக்கு ஒருவர் இலவசம் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாம்; எஃப்.ஓ.சி. (ஃப்ரீ ஆஃப் சார்ஜ்) என்பார்கள். அந்த இலவசமும் நாங்கள் கட்டிய பணத்தில்தான்.

இதெல்லாம் கூடப் போகட்டும். இரண்டாம் நாள் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குத் திட்டத்தில் போட்டிருந்தது பெடோக் பகுதியின் நியூவாட்டர் பார்வையாளர் மையம். கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டமாகச் சுத்தம் செய்து, நாட்டின் தண்ணீர்த் தேவையில் 40 சதவீதம் வரை ஈடுகட்டுகிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பத்திதான். எனக்கு என் புராஜெக்டே கழிவுநீர் சுத்திகரிப்பு. வீட்டில் இவ்வளவு பணம் கேட்கத் துணிந்ததே பயணத்திட்டத்தில் இருந்த அந்த ஒரு வரியைக் காட்டித்தான். நோட்டுப்புத்தகத்தில் பதினாறு கேள்வி எழுதி வைத்திருந்தேன்.

பேருந்தில் ஏறியதும் ஓட்டுநர் அங்கிளிடம், “பெடோக் போக எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டேன். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், அறுபது வயது இருக்கும். “பெடோக்கா? அங்க எதுக்கும்மா?” என்றார். சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அத மூடி ஆறு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா. எனக்குக் கொடுத்த தாள்ல சாக்லேட் கடைன்னுதானே போட்டிருக்கு.”

உண்மைதான். 2024-லேயே அந்த மையத்தை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். நாங்கள் பணம் கட்டியது அந்த வருட நவம்பரில். அதாவது, இல்லாத இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். முகவர் கையில் பழைய பயணத்திட்டம் ஒன்று இருந்திருக்கும், தேதியை மாற்றி அச்சடித்திருப்பார். அவரைக்கூட விடுங்கள். 34 பொறியியல் மாணவர்கள், கையில் கைப்பேசி, இரண்டு முனைவர்கள். ஒருவர்கூட அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கவில்லை. துறை பார்த்திருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். முகவர் பார்த்திருப்பார் என்று துறை நினைத்தது.

வழிகாட்டியிடம் கேட்டால், “இன்னைக்கு பராமரிப்பு வேலை நடக்குது” என்று கூசாமல் சொன்னார். அன்று முழுக்க சாக்லேட் கடை, ரத்தினக்கல் கடை, வாசனைத் திரவியக் கடை. கடைக்குப் போகாதவர்கள் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அங்கிள் இன்னொன்றும் சொன்னார். சிங்கப்பூரில் வழிகாட்டி வேலை பார்க்க பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும், உரிம அட்டையை வெளியே தெரிகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆளின் கழுத்தில் இருந்தது வெறும் கைப்பேசிக் கயிறு. உரிமம் இருக்கிறதா என்று கழகத்தின் இணையதளத்திலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். வழிகாட்டிக்கு மட்டுமில்லை, அங்கே பயண நிறுவனத்துக்கும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் ‘பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கும் ஆய்வகப் பார்வையும்’. உலகத் தரவரிசையில் முன்னால் நிற்கும் பல்கலைக்கழகம். பேருந்து வாசலில் நின்றது, பெயர்ப் பலகை முன்னால் வரிசையாக நிற்கச் சொன்னார்கள், ஊரிலிருந்தே அடித்துக் கொண்டுவந்த பேனரைப் பிரித்தார்கள், படம் எடுத்தார்கள். உள்ளே யாருக்கும் நாங்கள் வருவது தெரியாது. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லையே. இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். ஊருக்கு வந்து இரண்டு வாரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னம் போட்ட ‘பங்கேற்புச் சான்றிதழ்’ கைக்கு வந்தது, யாரோ கையெழுத்தும் போட்டு. நண்பன் ஒருவன் அதை ரெஸ்யூமில் சேர்த்து, நேர்காணலில் “யார் கருத்தரங்கு எடுத்தார்?” என்று கேட்டதும் முழித்துவிட்டு வந்தான். இப்படி ஒரு தாள் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து எங்கேயும் காட்டாதீர்கள். போலிச் சான்றிதழ் என்று வந்தால், முகவரைத் தேட மாட்டார்கள், வைத்திருப்பவரைத்தான் கேட்பார்கள்.

அன்று மாலை ‘ஓய்வு நேரம்’. அங்கிள் எங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, “சிவில் படிக்கிற பிள்ளைங்கதானே, மெரினா அணைக்கட்டைப் பார்த்துட்டுப் போங்க, காசு கிடையாது, ரயில்லயே போயிடலாம்” என்றார். ஆளுக்கு இரண்டு வெள்ளிகூட ஆகாது என்றார். டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ‘கார்டன்ஸ் பை த பே’ நிலையத்தில் இறங்கி நடந்தோம். நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழும் இருந்ததைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அந்த அணைக்கட்டு 350 மீட்டர். 2008-ல் திறந்தது. கடலும் ஆறும் சேரும் வாயை அடைத்து, நகரத்தின் நடுவிலேயே ஒரு நன்னீர்த் தேக்கம். மழை கொட்டும்போது கடல் வற்றியிருந்தால் மதகைத் தாழ்த்தித் தண்ணீரை விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் மதகைத் தாழ்த்த முடியாது, கடல்நீர் உள்ளே வந்துவிடும். அப்போது பம்பு வைத்து இறைக்கிறார்கள். மொத்தம் ஏழு பம்பு, ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கன மீட்டர். மதகுகளை எண்ணினேன். ஒன்பது. பக்கத்தில் நின்ற தோழி ஜீயபுரத்துக்காரி. “நம்ம முக்கொம்பு அணையில 2018-ல வெள்ளம் அடிச்சிட்டுப் போனதும் ஒம்பது ஷட்டர்தான்” என்றாள். அந்த வருடம் அவள் அப்பாவோடு போய் அதைப் பார்த்திருக்கிறாள். மூன்று பேரும் அணைக்கட்டுக் கட்டடத்தின் புல் போட்ட கூரையில் உட்கார்ந்து இருட்டும்வரை அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து நாளில் நான் படித்தது என்றால் அந்த இரண்டு மணி நேரம். செலவு, ரயில் காசும் ஒரு கோப்பியும்.

நான்காம் நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். சொன்னபடி கூட்டிப்போனார்கள், நன்றாக இருந்தது. கடைசி நாள் ஞாயிறு, நகரத் திட்டமிடலைக் காட்டும் சிட்டி கேலரி. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது யாருக்கும் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அந்த கேலரியும் இலவசம்தான். பார்த்துக்கொண்டே வாருங்கள்: திட்டத்தில் படிப்பு என்று போட்டிருந்த இடங்களில் காசு கேட்கும் இடம் ஒன்றுகூட இல்லை.

ஊருக்கு வந்து பணம் கேட்டோம். “ஐட்டினரரி மாறுதலுக்கு உட்பட்டது” என்று நோட்டீஸின் கடைசி வரியைக் காட்டினார். அது ஆறாம் அளவு எழுத்தில் இருந்தது. பணத்தை அவருடைய சொந்த எண்ணுக்கு ஜி.பே. செய்திருந்தோம், ரசீது என்று கிடைத்தது ஒரு வவுச்சர் தாள். டி.சி.எஸ். என்று வாங்கியதை அவர் வருமான வரித்துறையில் கட்டியிருந்தால் பணம் கட்டியவரின் பான் எண்ணில், 26ஏ.எஸ். படிவத்தில் தெரிய வேண்டும். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். அப்பாவின் கணக்கில் பார்த்தேன். ஒன்றுமில்லை. வகுப்பில் பதினோரு பேர் பார்த்தார்கள், யாருக்குமே இல்லை. உங்கள் ஊரில் யாராவது இப்படி டி.சி.எஸ். வாங்கியிருந்தால் இன்றே போய்ப் பாருங்கள்.

சிங்கப்பூரில் 20,000 டாலர் வரையிலான வழக்குகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஒப்பந்தம் அங்கே யாரோடும் இல்லை. வழிகாட்டி யாருக்காக வேலை பார்த்தார் என்பதே கடைசிவரை தெரியவில்லை. அதனால் இங்கேதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டோம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஏழு பேர் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மற்ற 27 பேர் வரவில்லை. வேலைக்குப் போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்கிறார்கள். தப்பு சொல்ல மாட்டேன்.

ஜூனியருக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும், உங்கள் கல்லூரிப் பெயரும் தேதியும் போட்டு வந்த மின்னஞ்சலைக் காட்டச் சொல்லுங்கள். முகவர் எழுதியது வேண்டாம், அவர்கள் எழுதியது. அது இல்லாவிட்டால் அந்த இடம் இல்லை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டிருக்கிறாள். “அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்மா” என்று பதில் வந்ததாம்.

அப்புறம், நான் மறைக்கக் கூடாத ஒன்று. ஐ.வி. முடிந்ததும் அனுபவ அறிக்கை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தால்தான் அக மதிப்பெண். எச்.ஓ.டி. சாரிடம் உண்மையை எழுதலாமா என்று கேட்டோம். “ஃபார்மாலிட்டிதானேம்மா, நெட்ல பாத்து எழுதிடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தோம், 34 பேரும். அந்த அறிக்கைகளை பைண்டு செய்து துறையில் வைத்திருக்கிறார்கள். முகவர் இப்போது மற்ற கல்லூரிகளுக்குப் போகும்போது அதன் நகலைத்தான் கொண்டுபோய்க் காட்டுகிறாராம்.

அதில் பதினேழாவது என்னுடையது. “நியூவாட்டர் மையத்தில் சவ்வூடுபரவல் அலகை நேரில் கண்டது மறக்க முடியாத அனுபவம்” என்று தொடங்கும். அதை எடுத்துவிடச் சொல்லித் துறைக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.