மூன்று வார லீவில் எடுக்கும் கீமோ முடிவு: ஊரில் பார்த்தவை

அம்மாவுக்கு மார்பகப் புற்று பரவிவிட்டது என்று போனில் கேட்டு வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 21 நாள் லீவு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கீமோவின் ஒரு சுற்றும் அதே 21 நாள்தான். தவறு இங்கேதான் தொடங்குகிறது. "நான் இருக்கும்போதே நல்ல ஸ்ட்ராங்கா ஏத்திடுங்க டாக்டர்" என்ற பேச்சு இந்தப் பயணத்தில் சென்னையிலும் வேலூரிலும் ஓ.பி. வரிசையில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. மருந்து முடிவாகும்போது யோசிக்க வேண்டியது, பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகு அந்த அம்மாவோடு வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை.

அதற்கு முன்னால், பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட பயாப்சி பிளாக் வேண்டும். பயாப்சி சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். டாக்டர் கடிதமும் நோயாளியின் அடையாள அட்டை நகலும் கொண்டுபோய்க் கேட்டால் பிளாக்கும் ஸ்லைடும் தருவார்கள். அன்றே கையில் கிடைக்கும் என்று நம்பி மறுநாளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட் போட வேண்டாம். எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். ஹெர்2 '2+' என்று வந்தால் அது பாதி பதில்தான், ஃபிஷ் என்ற மரபணு டெஸ்ட் செய்துதான் முடிவு தெரியும். சதையை 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வைக்க வேண்டும். சின்ன கிளினிக்கில் உப்பு நீரில் போட்டு பஸ்ஸில் அனுப்பிய சதையில் இந்த டெஸ்டுகள் தப்பாக வரலாம். பழைய ஆபரேஷன் ரிப்போர்ட் சில வருடங்களுக்கு முந்தையது என்றால், இப்போது பரவிய இடத்திலிருந்து புதிதாக பயாப்சி எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். ஈஆரும் ஹெர்2வும் இடையில் மாறியிருக்கக்கூடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்றால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கீமோவே வேண்டியதில்லை. ஹார்மோனை அடக்கும் லெட்ரோசோலோடு, புற்று அணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப் அல்லது ரிபோசிக்லிப் மாத்திரைதான் முதல் வழி. நோய் வேகமாகப் பரவிய பெண்களிடம் ரிபோசிக்லிப்பையும் இரட்டை கீமோவையும் ஒப்பிட்டுப் பார்த்த ரைட் சாய்ஸ் ஆய்விலும், மாத்திரை எடுத்தவர்களுக்கே நோய் அதிக காலம் கட்டுக்குள் இருந்தது. பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023இல் முடிந்து இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைகள் வந்ததால் விலையும் இறங்கியிருக்கிறது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கீமோவோடு ஹெர்2வைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் சேர வேண்டும், தொடங்கும் முன்பும் பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இதயத்தின் பலம் பார்க்க எக்கோ எடுக்க வேண்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் பிடி-எல்1 (இம்யூனோதெரபி உதவுமா என்று பார்ப்பது), பிராக்கா (பரம்பரை மரபணு) டெஸ்டுகளை அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இனி கீமோதான் என்று முடிவானால் ஒற்றை மருந்தா, இரண்டு சேர்த்தா? ஈரல் வேகமாகக் கெடுகிறது, நுரையீரல் நிறைந்து மூச்சு முட்டுகிறது என்ற நிலையில் இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையாகக் கொடுப்பதே நல்லது. சேர்த்துக் கொடுத்தால் கட்டி சுருங்குவது கொஞ்சம் கூடலாம். ஆனால் ஆயுள் அதே அளவு கூடுவதில்லை, வாந்தியும் காய்ச்சலும் மட்டும் நிச்சயம் கூடுகின்றன.

வாரம் ஒருமுறை ஏற்றும் பாக்ளிடாக்செல் தாங்கக்கூடிய மருந்து. ஆனால் வாராவாரம் கூட்டிப்போக ஆள் வேண்டும், அறந்தாங்கியிலிருந்து சென்னைக்கு அது ஆகாது. பக்கத்து மாவட்டத் தலைநகரில் ஏற்ற முடியுமா என்று பார்க்கலாம். அலர்ஜி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு தடவைகளில், டிரிப் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் வரும். அந்த நேரத்தில் பக்கத்திலிருப்பவர் போனைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் சிவக்கிறதா, மார்பு இறுக்குகிறதா, முதுகு வலிக்கிறதா என்று கவனித்து உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதம் மரத்திருப்பவர்களுக்கு இந்த மருந்து மரத்துப்போவதைக் கூட்டும். சட்டைப் பட்டன் போடத் தடுமாறினால் அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டோசிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. லீவில் வந்தவர்கள் விரும்புவது இதைத்தான். முந்தின நாள் தொடங்கி மூன்று நாள், தினம் இருவேளை 8 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டும், அந்த நாட்களில் சர்க்கரை எகிறும். ஈரல் பழுதைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் கூடியிருந்தால் இதைக் கொடுக்கக் கூடாது. ஏற்றிய பிறகு வரும் இரண்டாவது வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும், அப்போது காய்ச்சல் வந்தால் அது அவசரம்.

கேப்சிடபின் வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை, தூரத்து ஊர்க்காரர்களுக்கு வரம்தான். 154 செ.மீ. உயரம், 52 கிலோ எடை என்றால் உடல் பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர். ஒரு வேளைக்குச் சதுர மீட்டருக்கு 1000 மி.கி. என்று எழுதினால் காலையில் 500 மி.கி. மாத்திரை மூன்று, இரவில் மூன்று, சாப்பிட்டு அரை மணிக்குள். 14 நாளுக்கு 84 மாத்திரை, பிறகு 7 நாள் ஓய்வு. பத்து மாத்திரை அட்டை ஒன்பது வாங்குவதால் ஆறு மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் ஓய்வு வாரத்தில் விழுங்கிவிடும் அம்மாக்கள் உண்டு! சிறுநீரகம் பலவீனமானால் டோஸைக் குறைக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிவதுதான் முக்கியத் தொல்லை. கொதிக்கும் சோற்றுப் பானையை இறக்குவது, வெண்கலப் பாத்திரம் தேய்ப்பது, வெயிலில் கோயில் பிராகாரம் சுற்றுவது மூன்றையும் நிறுத்த வேண்டும். மருதாணி இட்டிருந்தால் சிவப்பு தெரியாது. வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்காமல் உள்ளங்கையையும் காட்டச் சொல்லுங்கள். வலியோ தோல் உரிதலோ தொடங்கிவிட்டால் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் பேச வேண்டும், சுற்று முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெயினில் ஏற்றும் இன்னொரு கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின் வெயினை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். நல்ல சிஸ்டர் சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டே மருந்தைத் தள்ளுவார். அப்படிச் செய்யாத டே கேர் அறையும் இருக்கிறது. நம் அம்மாக்கள் எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார்கள். "லேசா எரிஞ்சாலும் சொல்லணும்மா" என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பில்லையும் படியுங்கள். வாராந்தர பாக்ளிடாக்செல் சதுர மீட்டருக்கு 80 மி.கி., அதே 52 கிலோ அம்மாவுக்கு 120 மி.கி. 100 மி.கி. குப்பி ஒன்றும் 30 மி.கி. குப்பி ஒன்றும் போதும். வாராவாரம் 260 மி.கி. குப்பிக்குப் பணம் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. முன் அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். பணம் கட்டி ஆரம்பித்துவிட்டு அப்புறம் கார்டு நீட்டினால் சிக்கல்.

விமானம் ஏறும் முன் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நோயின் பெயர், கீமோ மருந்து, ஏற்றிய தேதி, 'காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே ரத்தக் கவுண்ட் எடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் ஊசி' என்ற வரி, டாக்டர் கையெழுத்து. வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஆஸ்பத்திரி எது, ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எடுப்பது யார் என்பதையும் அதன் பின்பக்கம் எழுதுங்கள். ஒரு பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஊரில் நடக்கும் பெரிய ஆபத்து. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பேட்டரி போட்டு, அந்தக் கடிதத்தோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வாருங்கள்.