ஒவ்வொரு கோருக்கும் தனி மெமரி: ஒரே முகவரியா, தனித்தனி முகவரியா?

பொழுதுபோக்காக எழுதிவரும் என் சின்ன கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்86-64, ஏஆர்எம்64 என்ற இரண்டு ப்ராசஸர் வகைகளிலும் ஓட வேண்டும் என்று முடிவானதும், அதுவரை தள்ளிப்போட்டு வந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. இப்போது ஓடும் த்ரெட் எது, அடுத்து ஓடக் காத்திருப்பவை எவை, எத்தனை இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகை) வந்தன என்று ப்ராசஸரின் ஒவ்வொரு கோரும் தனக்கென வைத்துக்கொள்ளும் தரவு நிறைய. அதை எந்த மெய்நிகர் முகவரியில், அதாவது நிரல் பார்க்கும் முகவரியில், வைப்பது? கோருக்கொரு தனி முகவரி என்ற பக்கம்தான் நான் போனேன். இன்னொரு வழியில் கவர்ச்சி இல்லாமல் இல்லை.

கோர் எண்ணை வைத்து ஒரு வரிசையில் எடுக்கும் பழைய முறையை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். எக்ஸ்வி6 என்ற கல்விக்கான இயங்குதளம் இன்றும் அப்படித்தான் செய்கிறது: எட்டு கோர் வரைக்கும் ஒரு அரே, கோர் எண் ஒரு ரெஜிஸ்டரில். படிக்கவும் பாடம் நடத்தவும் அருமை. ஆனால் பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் ஒரே 64 பைட் கேஷ் வரியில் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோரின் தரவையும் அதற்கு அருகிலுள்ள மெமரியில் (நூமா இயந்திரங்களில் கோருக்கு அருகே இருக்கும் மெமரி வேகமானது) வைக்கவும் அந்த அரே தோதுப்படாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

ஒன்று, எல்லாக் கோர்களிலும் ஒரே மெய்நிகர் முகவரி. அதன் பின்னால் இருக்கும் உண்மையான மெமரிப் பக்கம் மட்டும் கோருக்குக் கோர் வேறு. மெய்நிகர் முகவரியை உண்மையான மெமரி முகவரியாக மாற்றும் அட்டவணையான பேஜ் டேபிளே வேலையைச் செய்துவிடும். நிரலில் அது சாதாரண குளோபல் மாறி போலத் தெரியும்.

மற்றொன்று, எல்லாக் கோர்களின் பகுதிகளும் பொதுவான கெர்னல் முகவரி வெளியில் வெவ்வேறு இடங்களில் இருக்கும். தன் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு கோரும் ஒரு ரெஜிஸ்டரில் வைத்திருக்கும். லினக்ஸ் இதற்கு எக்ஸ்86-64இல் ஜிஎஸ் ரெஜிஸ்டரையும், ஏஆர்எம்64இல் டிபிஐடிஆர் ரெஜிஸ்டரையும் பயன்படுத்துகிறது. 64 பிட் விண்டோஸும் ஜிஎஸ்தான்.

ஒரே முகவரியின் பலம் ஏஆர்எம்மில்தான் பளிச்சென்று தெரியும். எக்ஸ்86இல் ‘ஜிஎஸ்ஸிலிருந்து இத்தனை பைட் தள்ளி இருப்பதில் ஒன்றைக் கூட்டு’ என்பது ஒரே கட்டளை. நடுவில் இன்டரப்ட் நுழையவே முடியாது. ஏஆர்எம்64இல் முதலில் டிபிஐடிஆரைப் படிக்க வேண்டும், பிறகு முகவரியைக் கணக்கிட வேண்டும், அதற்குப் பிறகே கூட்டல். இந்த இடைவெளியில் ஷெட்யூலர் (எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) த்ரெட்டை வேறு கோருக்கு மாற்றிவிட்டால் பழைய கோரின் எண்ணியில் (கவுண்டரில்) போய்க் கைவைப்போம். அதனால் ஒவ்வொரு முறையும் ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் த்ரெட்டை நடுவில் விலக்கி வேறொன்றை ஓட்டுவதை) நிறுத்தி, கூட்டி, மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. ஒரே முகவரி என்றால் இந்தத் தொல்லையே கிடையாது. எந்தக் கோரில் ஓடினாலும் அந்தக் கட்டளை அந்தக் கோரின் எண்ணியைத்தான் தொடும்.

இவ்வளவு இருந்தும் ஏன் விட்டேன்? பேஜ் டேபிள் பராமரிப்பு. அது ஒன்றுதான் எனக்கு முடிவைச் சொன்னது.

எக்ஸ்86இல் முகவரி வெளியின் பயனர் பாதிக்கும் கெர்னல் பாதிக்கும் சேர்த்து பேஜ் டேபிளுக்கு ஒரே வேர் (மேல்மட்ட அட்டவணை); அதைக் காட்டுவது சிஆர்3 ரெஜிஸ்டர். ஒரு ப்ராசஸின் இரண்டு த்ரெட்கள் இரண்டு கோர்களில் ஓடினால் இரண்டும் அதே வேர் அட்டவணையைப் பார்க்கின்றன. அதற்குள் ஒரு முகவரி மட்டும் கோருக்குக் கோர் வேறுபட வேண்டுமென்றால் வேரையே பிரதி எடுக்க வேண்டும். ஒரு வேர் 4 கேபி. 64 கோர் இயந்திரத்தில் ப்ராசஸ் ஒன்றுக்கு 256 கேபி, ஆயிரம் ப்ராசஸ் என்றால் ஏறக்குறைய 250 எம்பி. கோருக்கு ஒரு வேர் மட்டும் வைத்துக்கொண்டு, ப்ராசஸ் மாறும்போதெல்லாம் பயனர் பாதியின் 256 பதிவுகளை, அதாவது 2 கேபியை, நகலெடுக்கலாம். மெமரி மிச்சம். ஆனால் ஒரு த்ரெட் புதிய மேல்மட்டப் பதிவைச் சேர்த்தால் மற்றக் கோர்களின் பிரதிகளையும் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும். 64 பிட்டில் ஒரு பதிவு 512 ஜிபி பரப்பை ஆள்வதால் இது அடிக்கடி நடக்காது என்பது உண்மை. எனக்குப் பயம் அதுதான்: அபூர்வமாக ஓடும் ஒத்திசைவு நிரலைச் சோதிப்பதைப்போலச் சிரமம் வேறில்லை. இதன்மேல் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைக்காகக் கெர்னலுக்கும் பயனருக்கும் தனித்தனி அட்டவணை வைத்தால் எல்லாமே இரட்டிப்பு.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் இந்த வழியில் போய்த் திரும்பிய கதை உண்டு. அதன் தொடக்ககால பல-ப்ராசஸர் ஆதரவில் கோர்களின் தனிப் பக்கங்கள் ஒரே மெய்நிகர் முகவரியில்தான் இருந்தன. ஒரே முகவரி வெளியைப் பகிரும் ப்ராசஸ்களைப் பல கோர்களில் ஓடவிட வேண்டும் என்றானபோது, 1999இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ஜிஎஸ் போன்ற எஃப்எஸ் ரெஜிஸ்டருக்கு மாறினார்கள்.

பாயிண்டர் விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே முகவரி முறையில் ஒரு பாயிண்டரை இன்னொரு கோருக்குக் கொடுப்பது, ஊர்ப் பெயர் இல்லாமல் ‘காந்தி சாலை, 1ஆம் எண்’ என்று விலாசம் கொடுப்பதுதான். கதவைத் தட்டினால் யாரோ திறப்பார்கள், பிழைச்செய்தி ஒன்றும் வராது. எல்லாக் கோர்களின் எண்ணிகளையும் கூட்டிக் காட்டவாவது பொதுவெளியில் இரண்டாவது முகவரி வேண்டும். அப்படியானால் தனித்தனி முகவரிகளை எப்படியும் அமைத்தாகிவிட்டது.

ரெஜிஸ்டர் வழியும் சும்மா கிடைப்பதில்லை. எக்ஸ்86இல் கெர்னலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஸ்வாப்ஜிஎஸ் (பயனரின் ஜிஎஸ்ஸையும் கெர்னலின் ஜிஎஸ்ஸையும் இடம் மாற்றும் கட்டளை) சரியாக ஒருமுறை நடக்க வேண்டும். நுழைவு நிரலின் நடுவிலேயே என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) வந்தால், ஜிஎஸ் இப்போது யாருடையது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. லினக்ஸ் அதற்கு ஒரு பிரமாதமான தந்திரம் வைத்திருக்கிறது: கோர் எண்ணை ஒரு செக்மென்டின் (எக்ஸ்86இல் ஒரு மெமரிப் பகுதியின் விவரம்) எல்லை மதிப்புக்குள் ஒளித்துவைத்து, தேவைப்படும்போது அங்கிருந்து படித்துக்கொள்கிறது. 2019இல் வெளியான சிவிஇ-2019-1125 பாதுகாப்பு ஓட்டையும் இந்த ஸ்வாப்ஜிஎஸ்ஸைச் சுற்றித்தான். ஆனால் இந்தச் சிக்கல் அத்தனையும் நுழைவாயிலில், சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பேஜ் டேபிள் பராமரிப்போ மெமரி நிர்வாகம் முழுக்கப் பரவும்.

டிஎல்பியை (அண்மையில் மாற்றிய முகவரிகளை நினைவில் வைக்கும் கேஷ்) மென்பொருளே பூட்டிவைக்க முடிகிற ப்ராசஸர்களில் என் வாதம் எடுபடாது. இன்டெலின் ஐடேனியம் ப்ராசஸரில் லினக்ஸ் ஒரு டிஎல்பி பதிவை நிரந்தரமாகப் பூட்டி, ஒவ்வொரு கோரின் 64 கேபி தனிப் பகுதியையும் முகவரி வெளியின் கடைசி நுனியில் வைத்திருந்தது. பேஜ் டேபிளைத் தொடவே வேண்டாம். அந்த ஆதரவு 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்போடு நீங்கிவிட்டது.

ஏஆர்எம்64இலும் நான் அடித்துப் பேச மாட்டேன். அங்கே கெர்னல் பாதிக்கு டிடிபிஆர்1 என்று தனி வேர் இருப்பதால், பிரதிகளின் எண்ணிக்கை கோர்களின் எண்ணிக்கையோடு நிற்கும், ப்ராசஸ்களால் பெருகாது. 64 கோருக்கு மொத்தமே 256 கேபி. மேல்மட்டப் பதிவுகளை பூட் ஆகும்போதே நிரப்பிவிட்டால் ஒத்திசைவும் பெரும்பாலும் ஒழியும். டிஎல்பியைக் கோர்கள் பகிர்ந்துகொள்ள இடம்தரும் சிஎன்பி பிட்டை மட்டும் அணைத்துவைக்க வேண்டும். என் கெர்னல் ஓடுவது நாலு கோர் பலகையில், அங்கே ப்ரீஎம்ப்ஷனை நிறுத்தித் திறக்கும் செலவு எனக்கு உறைக்கவில்லை. நூற்றுக்கணக்கான கோர்களோடு எண்ணிகளை ஓயாமல் ஏற்றும் சர்வர் என்றால், ஏஆர்எம்64க்கு மட்டும் ஒரே முகவரியை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டே முடிவெடுப்பேன்.